ஆண்டாப் ஹில்லில் ஒரு ஞாயிறு

மும்பையில் வாழும் நம்மவர் விடுமுறையில் இடம் பார்க்கப் புறப்பட்டால் எலிபெண்டா குகைக்குச் செல்வர். மாதேரான் மலைக்குச் செல்வர். ஒன்றும் இயலாவிடில் ஜுஹு மணலில் சற்று நடந்து மீள்வர். ஆண்டாப் ஹில்லைப் பார்க்கவென்று எவரேனும் புறப்பட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. உறவினர் இருந்தால் அங்குப் போவார்கள். இல்லையேல் அது பஸ்ஸின் நெற்றியில் எழுதிய ஒரு பெயராகவே நின்றுவிடும். நாமும் செம்பூரில் பதினோராண்டுகள் குடியிருந்து வருகிறோம். தீபாவளிதோறும் அக்காள் வீட்டுக்குப் போய் உண்டு திரும்பியதல்லாமல், அவ்விடத்தைக் கண் திறந்து பார்த்தவரல்லோம். 2025 டிசம்பரில் ஒரு ஞாயிறன்று பார்க்க நேர்ந்தது.

பார்க்கப் போகவில்லை, புத்தி சொல்லப் போனோம். அக்டோபர் மாதத்தில் ஊரில் நம் தாயார் தாழ்வாரத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார்கள். நாம் நான்கு நாள் விடுப்பில் போய் வந்தோம். அக்காளோ திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரான எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டாள். அத்தான் வளைகுடாவில் இருக்கிறார். ஆகவே ஆண்டாப் ஹில் வீட்டில் அக்காளின் மகன், இருபது வயதுப் பிள்ளை, தனியே இருந்தான். ஒரு நாள் இரவு அக்காள் தொலைபேசியில் அழைத்தாள்.

"தம்பி, அவன் இரவெல்லாம் கைபேசியில் சுட்டுக்கொண்டே இருக்கிறானாம். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி அழுகிறாள். தின்கிறானோ, பட்டினி கிடக்கிறானோ, யார் கண்டார்? நீ ஒரு நடை போய் நாலு வார்த்தை சொல். உன் பேச்சைக் கேட்பான்."

கடைசிச் சொற்கள் நம்மைச் சற்றே தைத்தன. காரணம் பின்னர் வரும்.

ஞாயிறு ஹார்பர் மார்க்கத்தில் பிரயாணம் செய்பவர்கள் பராமரிப்புப் பணி நேரத்தை அறிந்து புறப்பட வேண்டும். முற்பகல் பதினோரு மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திப் பாதையைப் பழுது பார்ப்பது வழக்கம். வண்டி இல்லையே என்று மேடையில் நின்று ரயில்வேக்காரரைச் சபிக்கும் அன்பர்கள், தண்டவாளத்துக்கும் ஒரு ஞாயிறு வேண்டும் என்பதைக் கருத வேண்டுகிறோம். நாம் ஒன்பது மணிக்கே செம்பூரில் ஏறிவிட்டோம். திலக் நகர், குர்லா, சூனாபட்டி கடந்தால் அடுத்தது குரு தேக் பகதூர் நகர். இருபது நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

இந்த ஹார்பர் பாதையைப் பற்றி ரயில்வே குமாஸ்தா ஒருவன் இரண்டு வரி பெருமை பேசாமல் போனால் அது அடாது. குர்லாவுக்கும் ரே ரோடுக்கும் இடையே 1910 டிசம்பரில் இது திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லா வரை ஓடியது இந்த ஹார்பர் பாதையில்தான். அன்று பயன்பட்ட 1500 வோல்ட் நேர்மின்சாரம் 2016 வரை இப்பாதையில் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அதை 25000 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றினார்கள். நூறாண்டு நிறைந்த 2025 பிப்ரவரியில், அதே பாதையில் நெருக்கியடித்து நின்ற எத்தனை பேர் இதை நினைத்தார்களோ! நாம் நினைக்கவில்லை. அன்று நாம் கைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் பின்னர் வரும்.

குரு தேக் பகதூர் நகருக்கு முன்னாளில் கோலிவாடா என்று பெயர். மீனவர்களான கோலிகளின் குடியிருப்பு என்பது பொருள். நாட்டுப் பிரிவினையின்போது வீடிழந்து வந்த பஞ்சாபியரும் சிந்தியரும் இங்குக் குடியமர்த்தப்பட்டார்கள். சீக்கிய குருவின் பெயர் நிலையத்துக்கு வந்தது அவ்வழியாகத்தான். கடலோரத்து இறாலும் பஞ்சாபியர் மசாலையும் ஒரு வாணலியில் கலந்தன. நாடெங்கும் ஓட்டல்களில் 'கோலிவாடா இறால்' என்று விற்பது இவ்வூர்ப் பெயரால்தான். பின்னர் நம்மவர் வந்தார்கள். 2014, 2019, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் சயான் கோலிவாடாத் தொகுதியிலிருந்து மகாராஷ்டிரச் சட்டமன்றத்துக்குச் சென்றவர் கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன் என்றால், இங்குத் தமிழர் எத்துணைப் பெருகியிருக்கின்றனர் என்பதை அன்பர்களே கணித்துக்கொள்ளலாம்.

நிலையத்திலிருந்து நடந்தோம். தலைக்குமேல் மோனோ ரயிலின் கான்கிரீட் உத்தரம் நீண்டு போகிறது. செம்பூருக்கும் வடாலாவுக்கும் இடையே 2014இல் ஓடத் தொடங்கி, 2019இல் ஜேக்கப் சர்க்கிள் வரை நீண்டது. ஆண்டாப் ஹில் என்றே ஒரு நிலையமும் அதில் உண்டு. 2025 ஆகஸ்டில் பெருமழை நாளன்று ஒரு வண்டி நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு நடு உயரத்தில் நின்றுவிட, ஏணி வைத்து இறக்கினார்கள். செப்டம்பர் 20 முதல் பழுது பார்ப்பதற்காகச் சேவையை நிறுத்திவைத்தார்கள். நாம் போன அன்று உத்தரத்தின்மேல் காக்கைகள் மட்டும் வரிசையாக அமர்ந்திருந்தன.

ஹில் என்றால் மலை. மலையைத் தேடினால் ஏமாற்றமே. சிறு குன்றொன்று உண்டு. அதைக் குடியிருப்புகள் சூழ்ந்து ஏறிவிட்டன. ஒரு பக்கம் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. செக்டர் செக்டராக மஞ்சள் வெளுத்த மாடிகள், நடுவே மரங்கள். இன்னொரு பக்கம் கிட்டங்கிகள்; லாரிகள் பின்புறமாக நுழைவதும் கூலியாட்கள் கூவுவதுமாக இருக்கும். ஷேக் மிஸ்ரீ தர்கா இங்குதான் உள்ளது. சாலையே அப்பெரியவர் பெயரால் வழங்குகிறது. இவற்றுக்கு இடையே சந்துகள். சந்துக்குள் நுழைந்ததும் மொழி மாறிவிடுகிறது. வாயிற்படியில் கோலம், கீரை விற்பவளிடம் பேரம், "ஏ புள்ள, தண்ணி நின்னுரும், வெரசா வா!" என்று ஒரு குரல். கடையில் தொலி உளுந்தும், பனங்கருப்பட்டியும், கட்டுக்கட்டாக வாழையிலையும். நம்மூர்ச் சந்தையில் ஒரு மூலையைப் பெயர்த்து அரபிக் கடலோரம் வைத்தாற்போல் இருந்தது. நம்மவர் வாயில் ஆண்டாப் ஹில்லும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டது. "எங்க இருக்கீங்க?" என்றால், "ஆண்டாப்பில்ல" என்கிறார்கள்.

அக்காளின் வீடு குடிசைப் பகுதி மறுவாழ்வுத் திட்டத்தில் கட்டிய மாடியில் நான்காம் தளத்தில் இருக்கிறது. 225 சதுர அடி. அதற்குள் சமையல் மேடை, குளியலறை, தையல் எந்திரம், தெய்வப் படங்கள், ஒரு கட்டில், கட்டிலின் கீழ் ஓர் உலகம். கதவு திறந்தே இருந்தது. மருமகன் காதில் ஒலிக்கருவி மாட்டிச் சுவரில் சாய்ந்திருந்தான். பெருவிரல்கள் இரண்டும் கைபேசியின்மேல் தறியோட்டுபவன்போல் ஓடின. நம்மைக் கண்டதும் முகம் மலர்ந்தான், ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வாருங்கள் மாமா. இரண்டே நிமிடம். இப்போது நான் எழுந்தால் மூன்று பேர் கெட்டுப்போவார்கள்."

தாய்மாமனைக் கண்டு எழாத பிள்ளை! நாம் வாங்கிச் சென்ற ஆப்பிள் பழப் பையைச் சற்று ஓசையாகவே கீழே வைத்தோம். அவனோ தாராவியில் இருக்கும் ஒருவனிடம் தமிழிலும், கல்யாணில் இருக்கும் ஒருவனிடம் மராத்தியிலும், இன்னொருவனிடம் இந்தியிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தான். "இடது பக்கம் மரம், மரத்துக்குப் பின்னால் ஒருவன்" என்பதை மூன்று மொழியிலும் ஒரே மூச்சில் சொன்னான். இலாகா மொழித் தேர்வில் நாம் இருமுறை தவறியவர் என்பதால் இதை மட்டும் மனத்துள் மெச்சிக்கொண்டோம்.

இரண்டு நிமிடம் ஒன்பது நிமிடமாயிற்று. வேறு வழியின்றி அவன் தோள்வழியே பார்த்தோம். பிள்ளைகள் என்னதான் ஆடுகிறார்கள் என்று அறியாத பெற்றோர் நம் சங்கத்தில் பலர் இருப்பர் என்பதால் சொல்கிறோம். நூறு பேர் ஒரு விமானத்தில் ஏறிப் பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்கிறார்கள். எட்டு கிலோமீட்டர் நீளமும் எட்டு கிலோமீட்டர் அகலமும் கொண்ட அத்தீவுக்கு எராங்கல் என்று பெயர். வெறுங்கையோடு இறங்கி, காலி வீடுகளில் புகுந்து துப்பாக்கியும் மருந்தும் தேடிக்கொள்கிறார்கள். ஒரு வட்டம் சிறுகச் சிறுகச் சுருங்கிவரும். அதற்கு வெளியே நின்றால் உயிர் தேயும். இறுதிவரை நிற்பவர் வென்றவர். நால்வர் ஓர் அணியாகவும் ஆடலாம். வென்றவர்களுக்குக் கோழி விருந்து கிடைத்ததாகத் திரையில் எழுத்துத் தோன்றும். எழுத்து மட்டுந்தான், கோழி வராது.

பப்ஜி என்று வழங்கிய அவ்வாட்டத்தின் வரலாறும் சிறிது சுவையானது. 2018இல் கைபேசிக்கு வந்தது. சீன எல்லையில் கல்வான் மோதல் நிகழ்ந்த 2020இல், செப்டம்பர் 2ஆம் நாள் அது உள்ளிட்ட 118 செயலிகளை நம் அரசு தடைசெய்தது. தென்கொரியாவின் கிராஃப்டான் நிறுவனம் 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்றே பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் திரும்பக் கொணர்ந்தது. 2022 ஜூலையில் அதுவும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. 2023 மே மாதத்தில் நிபந்தனைகளோடு மீண்டும் வந்தது. பதினெட்டு வயது நிரம்பாதோர் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்குமேல் ஆடலாகாது என்பது அவற்றுள் ஒன்று. "தடை செய்த பத்து மாதமும் நான் என்ன செய்தேன் தெரியுமா மாமா? கீழே கேரம் ஆடினேன்" என்றான் மருமகன்.

அன்று அவர்கள் அணி ஏழாவதாக மடிந்தது. ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டு எழுந்து, நமக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டான். நாம் கேட்கவேண்டிய கேள்வி அது.

அவனுடைய நாள் எப்படிக் கழிகிறது என்று விசாரித்தோம். காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து வைத்தாக வேண்டும். எட்டு மணிக்குக் கிட்டங்கியில் பார்சல் கணக்கெழுதும் வேலை. நான்கு மணிக்கு முடியும். பிறகு கல்லூரிப் பாடம், பி.காம். இரண்டாம் ஆண்டு. ஏழு மணிக்கு ஊருக்குத் தொலைபேசி, ஆச்சியிடம் பேசுவது. எட்டு மணிக்கு அடுப்பு. ஒன்பதுக்குமேல் ஆட்டம். ஒரு தாளில் தவறியிருந்தான், அதை மறைக்கவில்லை. நள்ளிரவு ஒரு மணிக்குக் கூச்சலிட்டதும் உண்மைதான், வென்றபோது கத்திவிட்டானாம். சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. மறுநாளே அந்த அம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டதாகவும், பதினொன்றுக்குமேல் வாய் திறப்பதில்லை என்றும் சொன்னான். "வாய்தான் திறப்பதில்லையா, ஆட்டமே இல்லையா?" என்றோம். சிரித்தான். கண்கள் சிவந்திருந்தன. அக்காளின் கவலையில் பாதி நியாயமே.

மறுபாதி நியாயமில்லை என்பதை அடுத்த ஒரு மணி நேரம் காட்டிற்று. பையன் சமைத்தான்.

அன்று உளுந்தஞ்சோறு. நெல்லைச் சீமைக்கு அப்பால் பிறந்த அன்பர்கள் அறியாதிருக்கலாம். ஒற்றைக் குக்கரில் முடிகிற இதைவிட எளிய சமையல் தனியாளுக்கு வேறில்லை. ஒரு தம்ளர் அரிசிக்கு அரைத் தம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும், கருக விடலாகாது. அரிசியோடு சேர்த்துக் கழுவி, பத்துப் பல் பூண்டு, அரைக் கரண்டி வெந்தயம், சிறிது சீரகம், ஒரு மூடித் தேங்காயில் பாதியைத் துருவியது, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூன்றரைத் தம்ளர் தண்ணீர் விட்டு மூடிவிட்டால் தீர்ந்தது. நான்கு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல்: எள்ளும் வற்றல் மிளகாயும் வறுத்து, புளியும் உப்பும் தேங்காய்த் துண்டும் வைத்து அரைப்பது. மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய்.

இதைக் கற்ற கதையைச் சொன்னான். முதல் வாரம் மூன்று வேளையும் பாவும் தேநீரும்தான். வயிறு கெட்டது. ஒரு நாள் தாயிடம் கேட்டுக் குக்கரை ஏற்றிவிட்டு ஆட்டத்தில் இறங்கினான். சில நிமிடங்களில் மடிந்தால் அடுப்பைப் பார்க்கலாம். பிழைத்து நின்றால் அரை மணி நேரம் எழ முடியாது. அன்று பிழைத்து நின்றான். சோறு அடிபிடித்தது. அடுத்த நாள் வட்டம் சுருங்கும் நேரத்தில் "எத்தனை விசில் வைத்தாய்?" என்று கேட்க அக்காள் அழைத்தாள், திரையை அழைப்பு மறைத்துக்கொள்ள, மரத்துக்குப் பின்னால் இருந்தவன் சுட்டுவிட்டான். "அம்மாதான் என்னைச் சுட்டாள்" என்று நண்பர்களிடம் சொன்னானாம். அது முதல் அடுப்பு எரியும்போது ஆட்டமில்லை. வெங்காயம் நறுக்குவது மட்டும் ஓர் ஆட்டத்துக்கும் மறு ஆட்டத்துக்கும் இடையே. நாட்காட்டியில் சில தேதிகளைச் சுற்றிப் பென்சிலால் வட்டமிட்டிருந்தது. கோழி விருந்து பெற்ற நாட்களாம். அந்நாட்களில் என்ன சமைத்தாய் என்றோம். "பெரும்பாலும் ரசம்" என்றான்.

குக்கர் ஆறும்வரை கீழே போனோம். படிக்கட்டின் அடியில் கேரம் பலகை. நாற்பது வாட் விளக்கொன்று பகலிலும் எரிகிறது. சுற்றி நின்று ஆட்டத்தைத் திருத்துவோர் எட்டுப் பேர். நாம் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆடிப் பழகிய கை. சட்டைக் கையை மடித்தோம். 29 அங்குலச் சதுரப் பலகை, கறுப்பு ஒன்பது, வெள்ளை ஒன்பது, சிவப்பு ராணி ஒன்று. இதில் புதிதாக என்ன இருக்க முடியும்? எதிரில் வந்து அமர்ந்தது பன்னிரண்டு வயதுச் சிறுமி. இருபத்தைந்துக்கு நான்கு என்று நம்மைத் தோற்கடித்துவிட்டு, போரிக் பவுடர் படிந்த விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் போய்விட்டாள். 1991இலும் 1995இலும் உலகக் கேரம் பட்டம் வென்ற சென்னை மரிய இருதயம் அவர்களைப் பற்றி அங்கிருந்த முதியவர் ஒருவர் பேசினார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் பெற்ற காசிமா சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் என்பதைச் சொன்னது மருமகன். அச்சிறுமி அந்தப் பெண்ணின் ஆட்டத்தைக் கைபேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் பழகுகிறாளாம். யாருடைய கைபேசி என்றோம். "என்னுடையதுதான், மாமா. மாலை ஆறிலிருந்து ஏழு வரை அவளுக்கு."

மேலே வந்து உண்டோம். சோறு குழைவாக, பூண்டு மணத்தோடு, நம் தாயார் கைப்பக்குவத்துக்கு ஒரு படி கீழாக இருந்தது. ஒரு படிதான்.

உண்ட பிறகு, வந்த வேலையைத் தொடங்கினோம். நாம் பத்தாவது தேறி, கலாசியாகச் சேர்ந்து, இரவில் படித்து இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தாவான வரலாற்றைச் சொன்னோம். ரயில்வே தேர்வு வாரியத் தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சொன்னோம். கட்டணம் ஐந்நூறு கட்டினாலும் முதற்கட்டத் தேர்வு எழுதியவர்க்கு நானூறு திரும்பி வரும் என்றும் விளக்கினோம். சென்னைப் பிள்ளை குகேஷ் 2024இல் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்கப் பட்டம் வென்றதை எடுத்துக்காட்டி, ஆடினாலும் அப்படி ஓர் ஆட்டம் ஆடக்கூடாதா என்றோம். அவன் பொறுமையாகக் கேட்டான். 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸையும் பல்விளையாட்டுப் போட்டிகளின் பகுதியாக அரசு ஏற்றதையும், 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் அதற்குப் பதக்கமே வழங்கியதையும் சொன்னான். "ஆனால் நான் அவ்வளவு நன்றாக ஆடுகிறவனல்ல மாமா. எனக்கே தெரியும். வேலை முடிந்து வந்தால் இந்த அறையில் பேச ஆளில்லை. அதில் மூன்று பேர் இருக்கிறார்கள்."

இதற்கு மறுமொழி நம்மிடம் இல்லை. ஆகவே பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டோம். "இதில் எவ்வளவு பணம் விட்டாய்?"

"ஒரு முறை பிறந்த நாளன்று எழுபத்தைந்து ரூபாய்க்கு ஒரு சட்டை வாங்கினேன். ஆட்டத்துக்குள் போடுகிற சட்டை. காசு வைத்து ஆடுவதெல்லாம் வேறு. அதை ஆகஸ்டிலேயே நிறுத்திவிட்டார்களே."

அலுவலக நண்பர் அனுப்பிய பழைய வினாத்தாள்கள் நம் கைபேசியில் இருந்தன. அவற்றைத் தனக்கு அனுப்பிக்கொள்ளும்படி அவன் கையில் கொடுத்தோம். அவன் விரல் ஓரிடத்தில் நின்றது. நாம் எட்டிப் பார்த்தோம். ரம்மிச் செயலியின் சின்னம். பணம் கட்டி ஆட இயலாமற்போன பிறகும் அது அங்கேயே கிடந்தது.

"இதை எடுத்துவிடட்டுமா, மாமா?"

"எடுத்துவிடு" என்றோம்.

எடுத்தான். வேறொன்றும் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் மழுப்பியிருப்போம். கேளாததால் சொன்னோம். 2025 ஜனவரியில், செம்பூரிலிருந்து அலுவலகம் போகும் ஹார்பர் வண்டியில், பொழுதுபோக்காகத்தான் தொடங்கினோம். முதல் வாரம் அறுநூறு ரூபாய் வந்தது. அந்த அறுநூறுதான் நம்மைக் கொன்றது. பிறகு ஐம்பது, நூறு, ஐந்நூறு என்று விரல் தொட்டவுடன் பணம் போயிற்று. நோட்டை எண்ணிக் கொடுத்திருந்தால் கை கூசியிருக்கும். இதில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. கட்டும் தொகை முழுவதற்கும் 28 விழுக்காடு வரி உண்டென்பதும் தெரியும். ரம்மி திறமைக்குரிய ஆட்டமென்று உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது என்று நமக்கு நாமே வக்காலத்து வாங்கினோம். கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இந்தக் கணக்கை மட்டும் எழுதவில்லை. ஏப்ரல் கடைசியில் வங்கிப் புத்தகத்தைக் கூட்டிப் பார்த்தபோது ரூ. 23,400 போயிருந்தது.

அது சித்திரைக் கொடைக்கு ஊர் செல்ல ஒதுக்கிய பணம். ரயில்வே ஊழியனுக்குப் பாஸ் உண்டு, பிரயாணத்துக்குக் காசில்லை. ஆயினும் கொடை வரி, தாயாருக்குப் புடைவை, உறவினருக்குக் கைநீட்டல் என்று வெறுங்கையோடு போக இயலாத ஊரல்லவா? விடுப்புக் கிடைக்கவில்லை என்று வீட்டில் சொன்னோம், ஊரிலும் சொன்னோம். மகள் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். அக்டோபரில் மருத்துவமனைக் கட்டிலருகே நாம் நின்றபோது தாயார் சொன்னார்கள்: "கொடைக்கு வந்திருந்தாயானால் உன்னோடு கோயில்வரை நடந்து வந்திருப்பேனே, ஐயா." இனி நடப்பார்களா என்பதை மருத்துவர் உறுதியாகக் கூறவில்லை.

ஆகஸ்டு 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற சட்டம் காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. சில நாட்களிலேயே நிறுவனங்கள் பல கடையை மூடின. நாம் அதற்கு முன்பே நிறுத்திவிட்டோம் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை. மே, ஜூன் மாதங்களில் மட்டும் தொடாதிருந்தோம். விட்டதைப் பிடிக்கலாமென்று ஜூலையில் மேலும் ஆயிரத்து இருநூறு விட்டோம்.

மருமகன் கேட்டான். "ஆச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அத்தைக்கு?"

"தெரியாது."

அவன் எழுந்து தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். இஞ்சியைத் தட்டிப் போடும் ஓசை கேட்டது. நம் முன் தம்ளரை வைத்துவிட்டு, "மே மாதம் எனக்கும் விடுமுறை, மாமா. எல்லாரும் சேர்ந்தே போவோம்" என்றான். பிறகு வினாத்தாளைத் திறந்து, சதவீதக் கணக்கொன்றைக் காட்டி எப்படிப் போடுவது என்று கேட்டான். அவனுக்கு அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறோம், பார்சல் கணக்கெழுதுகிறவன். இருந்தாலும் சொல்லிக்கொடுத்தோம். மூன்று கணக்குகள் போட்டோம். நான்காவதில் நாம் தவறினோம், அவன் திருத்தினான்.

நான்கரைக்குமேல் வண்டிகள் ஒழுங்காக ஓடத் தொடங்கிவிட்டன. மிஞ்சிய உளுந்தஞ்சோற்றை எவர்சில்வர் தூக்கில் போட்டு, துவையலைத் தனியே இலையில் கட்டி, அத்தைக்கென்று கொடுத்தனுப்பினான். படியிறங்குகையில் அச்சிறுமி மீண்டும் பலகையருகே அமர்ந்திருந்தாள். நம்மைக் கண்டு ஓர் ஆட்டம் வருகிறீர்களா என்பதுபோல் ஸ்டிரைக்கரை நீட்டினாள். இன்னொரு நாள் என்றோம்.

வீட்டில் மனைவி சோற்றைச் சுவைத்துப் பார்த்து, வெந்தயம் ஒரு சிட்டிகை கூடிவிட்டது, மற்றபடி பிள்ளை தேறிவிட்டான் என்றாள். மகள் தட்டை வழித்து உண்டாள். "அவனுக்குப் புத்தி சொன்னீர்களா?" என்று கேட்டாள் மனைவி. சொன்னோம் என்றோம். "என்ன சொன்னான்?" என்றாள். மே மாதம் எல்லாரும் ஊருக்குப் போகலாம் என்கிறான் என்றோம். "உங்களுக்கு விடுப்புக் கிடைக்க வேண்டுமே" என்று சொல்லிவிட்டுத் தூக்கைக் கழுவப் போனாள்.

சங்கத்தின் இவ்விதழ் தபாலில் வந்ததும் நம் வீட்டில் முதலில் பிரித்துப் படிப்பவள் அவள்தான்.